பூட்டிய பூங்காவின் வாசலிலிருந்து: நகராட்சி ஆணையருக்கும் மாவட்ட சுகாதார அலுவலருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகராட்சி ஆணையர் அவர்களுக்கும், மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களுக்கும்,

கடந்த தை மாதம் 18-ஆம் நாள் அதிகாலை 5.15 மணிக்கு, நானும் என் கணவரும் எங்களோடு நடக்கும் ஒன்பது பேரும் எங்கள் பகுதி நகராட்சிப் பூங்காவுக்குப் போனபோது கேட் பூட்டிக் கிடந்தது. பூட்டுக்கு மேலே பிளாஸ்டிக் கயிற்றால் ஓர் அட்டை கட்டியிருந்தார்கள். பராமரிப்புக் காரணங்களை முன்னிட்டு மறு அறிவிப்பு வரும் வரை பூங்கா மாலை 4 மணி முதல் 8 மணி வரை மட்டுமே திறந்திருக்கும் என்று அதில் எழுதியிருந்தது. சித்திரையும் முடிந்து வைகாசி பிறந்துவிட்டது. மறு அறிவிப்பு வரவில்லை. அட்டையில் இருந்த எழுத்துதான் வெயிலில் வெளுத்துவிட்டது.

இந்த மடலை உங்கள் இருவருக்கும் சேர்த்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. பூங்கா தொடர்பாக நகராட்சி அலுவலகத்தில் மனு கொடுத்தபோது, "நோயாளிகளுக்கான ஏற்பாடு என்றால் சுகாதாரத் துறையைப் பாருங்கள்" என்றார்கள். மருத்துவமனையில் கேட்டபோது, "நடக்க வேண்டும் என்று சொல்வதுதான் எங்கள் வேலை, நடக்க இடம் கொடுப்பது நகராட்சியின் வேலை" என்றார்கள். இரண்டு பதில்களும் தனித்தனியே சரியானவையாகவே தோன்றுகின்றன. ஆனால் மாரடைப்பிலிருந்து பிழைத்து வந்த ஒருவர் அந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில் எங்கே நடப்பது என்பதற்கு நான்கு மாதங்களாக யாரும் பதில் சொல்லவில்லை.

என் கணவர் 31 ஆண்டுகள் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், வயது 62. சென்ற ஆவணி மாதம் ஒரு விடியற்காலையில் நெஞ்சில் பாரம் ஏறி, வியர்த்துக் கொட்டியபடி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். ஆட்டோவில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு போனோம். ஈசிஜி எடுத்துப் பார்த்த கையோடு, 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் என 14 மாத்திரைகளை விழுங்கச் செய்து, 108 வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். அன்று மதியத்துக்குள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றில் அவருடைய இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து முடித்துவிட்டார்கள். அவரைப் பிழைக்க வைத்தது அரசு மருத்துவம்தான். அதை நான் எங்கும் மறுத்துப் பேசியதில்லை. என் மனக்குறையெல்லாம் பிழைத்தவரை வீட்டுக்கு அனுப்பிய அடுத்த நாளிலிருந்து தொடங்குகிறது.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அதில் ஏழு மருந்துகள் எழுதியிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எத்தனை மில்லிகிராம், 1-0-1 ஆ 0-0-1 ஆ, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, எத்தனை நாளுக்கு என்பதெல்லாம் தெளிவாக உண்டு. மருந்தாளுநர் அம்மா அதையே தமிழில் இன்னொரு முறை சொல்லி, உறைகளின் மேல் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுத்தார். சீட்டின் கடைசி வரியில் இரண்டே ஆங்கிலச் சொற்கள்: 'ரெகுலர் எக்சர்சைஸ்'. எத்தனை நிமிடம், எவ்வளவு வேகம், வாரத்தில் எத்தனை நாள், எந்த நாளிலிருந்து தொடங்கலாம், என்ன நேர்ந்தால் நிறுத்த வேண்டும் என்று ஒரு சொல் கிடையாது. மாத்திரையை இப்படி எழுதிக் கொடுத்தால், 'ஏதாவது மாத்திரை அவ்வப்போது சாப்பிடவும்' என்று எழுதியதைப் போலத்தான் இருக்கும்.

அந்த இரண்டு சொற்களின் விளைவு என்ன தெரியுமா? என் கணவர் ஒரு மாத காலம் நாற்காலியை விட்டு எழவில்லை. குளியலறைக்குப் போகக்கூட என் தோளைப் பிடித்துக் கொண்டார். உள்ளே வைத்த ஸ்டென்ட் வேகமாக நடந்தால் இடம் பெயர்ந்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பினார். பார்க்க வந்த உறவினர்கள் எல்லாரும், "இனிமே அசையவே கூடாது, ராசா மாதிரி உக்காந்து சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நானும்தான் அவரைத் தண்ணீர்க் குடத்தைத் தொடவிடவில்லை. பயந்த வீட்டில் அன்பு என்பது நோயாளியை அசையவிடாமல் வைப்பதாகத்தான் இருக்கும். அந்தப் பயத்தைப் போக்கும் அளவுக்கு விவரம் தெரிந்த ஒருவர் எங்களுடன் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசியிருந்தால் அந்த மாதம் வீணாகியிருக்காது.

அப்படி ஒருவர் பிறகு கிடைத்தார். புரட்டாசிக் கடைசியில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைக்காக எங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் தொற்றா நோய்ப் பிரிவுக்குப் போனபோது, வியாழக்கிழமைதோறும் ஒரு இயன்முறை மருத்துவர், வயதில் எங்கள் மகனைவிடச் சிறியவர், பத்துப் பன்னிரண்டு பேரை நீண்ட நடைக்கூடத்தில் நிறுத்திப் பயிற்சி கொடுப்பதைப் பார்த்தோம். தரையில் சாக்பீஸால் 30 மீட்டர் அளந்து கோடு போட்டிருந்தார். என் கணவரை ஆறு நிமிடம் அந்தக் கோடுகளுக்கிடையே போய்வரச் சொன்னார். முதல் நாள் 240 மீட்டர். நடுவில் இரண்டு முறை சுவரைப் பிடித்து நின்றார். அந்தத் தம்பி எதையும் பெரிதுபடுத்தவில்லை. முதல் ஐந்து நிமிடம் மெதுவாக, கடைசி ஐந்து நிமிடமும் மெதுவாக, நடுவில் பேச்சு வர வேண்டும், ஆனால் பாட்டு வரக்கூடாது. அதுதான் சரியான வேகம் என்றார். நெஞ்சு இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ வலி, காரணமில்லாத வியர்வை, கிறுகிறுப்பு, இவற்றில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும், சட்டைப் பையில் இருக்கும் சார்பிட்ரேட் என்ற நெஞ்சுவலி மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும், அடங்கவில்லை என்றால் 108-ஐ அழைக்க வேண்டும் என்று என்னையும் அவரையும் திருப்பிச் சொல்ல வைத்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளைத் திருப்பிச் சொல்ல வைத்தவள் நான். அன்று நான் மாணவி.

ஆள் ஏன் வேண்டும், அச்சடித்த துண்டுத்தாள் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல விரும்புகிறேன். சென்னையில் இருக்கும் எங்கள் மகன் நாடித்துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரம் ஒன்றை வாங்கி அனுப்பினான். அவர் வயதுக்கு நடக்கும்போது துடிப்பு நூற்றுப் பத்தைத் தாண்ட வேண்டும் என்று அதன் திரை சொன்னது. எவ்வளவு நடந்தாலும் 85-ஐத் தாண்டவில்லை. எண்ணை ஏற்றியே தீருவது என்று அவர் ஒருநாள் ஓடவே முயன்றார். முகம் வெளிறித் திண்ணையில் சாய்ந்துவிட்டார். மறு வியாழக்கிழமை அந்தத் தம்பியிடம் சொன்னபோது, மருந்துச் சீட்டில் இருந்த மெட்டோபுரோலால் மாத்திரையைக் காட்டி, இதயத் துடிப்பை அடக்கி வைப்பதே அந்த மாத்திரையின் வேலை, அதைச் சாப்பிடுகிறவர்கள் கடிகாரத்தின் எண்ணைத் துரத்தக் கூடாது, மூச்சையும் பேச்சையும்தான் பார்க்க வேண்டும் என்றார். எந்தத் துண்டுத்தாள் இதைச் சொல்லியிருக்கும்?

அவர் சொல்லி நாங்கள் ஒரு நோட்டுப் போட்டோம். இரட்டைக் கோடு போட்ட பழைய பள்ளி நோட்டுதான். முதல் பக்கத்தில், "தெருமுனை வரை, 4 நிமிடம், இருமுறை நின்றார்" என்று என் கையெழுத்தில் இருக்கிறது. மூன்றாம் வாரத்தில் 11 நிமிடம். ஏழாம் வாரத்தில் பூங்காவை நான்கு சுற்று, 20 நிமிடம், நிற்கவில்லை. பதினோராம் வாரத்தில் 32 நிமிடம். மருத்துவமனை நடைக்கூடத்தில் அதே ஆறு நிமிடத்தில் 390 மீட்டர். இரவில் தூக்கம் வந்தது. மேல் ரத்த அழுத்தம் 150-ஐ ஒட்டியே இருந்தது 138-க்கு இறங்கியதால், மருத்துவர் ஏற்றுவதாக இருந்த மாத்திரையை ஏற்றாமல் விட்டார். நடை ஒன்றே இதையெல்லாம் செய்தது என்று சொல்ல மாட்டேன். உப்பைக் குறைத்தோம், மாத்திரையும் ஒருவேளை தவறவில்லை. ஆனால் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஒழுங்கான நடை போன்ற பயிற்சி மேல் அளவை 5 முதல் 8 புள்ளி வரை குறைக்கக்கூடியது என்பது மருத்துவ வழிகாட்டு நெறிகளிலேயே இருக்கும் செய்தி.

அவர் நடப்பதைப் பார்த்துக் கார்த்திகைக்குள் ஒன்பது பேர் சேர்ந்தார்கள். பைபாஸ் ஆனவர் ஒருவர், ஸ்டென்ட் வைத்தவர்கள் இருவர், மற்றவர்கள் சர்க்கரையும் கொழுப்பும் அழுத்தமும் கூடி, "அடுத்தது நீங்கதான்" என்று மருத்துவர்கள் எச்சரித்து அனுப்பியவர்கள். அவர்களில் பீடி சுற்றும் பெண் ஒருத்தி. மடியில் சுளகை வைத்துக்கொண்டு காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் மாலை வெளிச்சம் போகும்வரை இருந்த இடத்தைவிட்டு எழாதவள். "நாள் பூரா வேலதான டீச்சர் பாக்கேன், எனக்கு எதுக்கு நட?" என்று முதலில் கேட்டாள். விரல்கள் ஓயாமல் வேலை செய்கின்றன, கால்கள் நாள் முழுதும் மடங்கியே கிடக்கின்றன என்று அவளுக்குப் புரிய வைக்க ஒரு வாரம் ஆயிற்று. புரிந்த பிறகு அவளைப்போல் ஒழுங்காக வந்தவர் எங்களில் யாரும் இல்லை. பூங்காவில் சுற்றுச்சுவர் இருந்ததும், எங்களைப்போல் வயதான பெண்கள் கூட இருந்ததும்தான் அவள் கணவர் அவளை அந்த இருட்டில் அனுப்பக் காரணம்.

இது எங்கள் தெருக் கதை மட்டும் இல்லை. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் 14,227 பேரிடம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், 54.4 விழுக்காட்டினர் போதிய உடலசைவு இல்லாதவர்களாக இருந்தார்கள். நகரங்களில் அது 65 விழுக்காடு. ஓய்வு நேரத்தில் நடை, விளையாட்டு என்று எதையாவது செய்பவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. 2024-இல் வெளியான உலகளாவிய கணக்கீட்டில் இந்தியப் பெண்களில் சுமார் 57 விழுக்காட்டினரும் ஆண்களில் 42 விழுக்காட்டினரும் போதிய உடலசைவு இல்லாதவர்கள். இந்த வேறுபாட்டைப் பெண்களின் சோம்பல் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். இருட்டில் தனியே நடக்க முடியாத ஊர்களின் கணக்கும் அதில் சேர்ந்திருக்கிறது.

ஓட்டுநர் மனைவி என்பதால் இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1953-இல் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரே நிறுவனம், ஒரே வண்டி; ஆனால் நாள் முழுதும் இருக்கையில் இருந்த ஓட்டுநர்களுக்கு இதய நோய் அதிகமாகவும் கடுமையாகவும் வந்தது, மாடிப்படியில் ஓயாமல் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்குக் குறைவாக வந்தது. வேலைக்குச் சேரும்போதே ஓட்டுநர்களின் சீருடை இடுப்பளவு பெரிதாக இருந்ததைப் பின்னாளில் அவரே கண்டு எழுதினார் என்பதால், எல்லாவற்றையும் இருக்கையின் தலையில் கட்ட முடியாதுதான். ஆனாலும் உடலசைவுக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை உலகம் தேடத் தொடங்கியது ஒரு பேருந்தில்தான். என் கணவரிடம் இதைச் சொன்னபோது, அவருடன் இருபது ஆண்டுகள் ஓடிய நடத்துநர் இன்றும் சைக்கிளில் மார்க்கெட் போய் வருவதை நினைத்துச் சிரித்தார்.

இனி, பூங்கா பூட்டிய பிறகு நடந்தவை. மாலை 4 மணிக்குத் திறக்கிறீர்கள். எங்கள் ஊரில் சித்திரை, வைகாசியில் 4 மணி வெயில் இதய நோயாளிகளுக்கு எப்படி இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. 6 மணிக்கு மேல் போனால் நடைபாதை முழுதும் பிள்ளைகளின் கிரிக்கெட். அது அவர்களுடைய இடமும் நேரமும். அவர்களை விரட்டிவிட்டு நடக்க எங்களுக்கு மனம் வராது. சரி, தெருவில் நடக்கலாமே என்றார் நகராட்சி அலுவலகத்தில் ஒருவர். பள்ளி விளையாட்டு விழாவுக்காக வாங்கிய அளவு நாடா வீட்டில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு, மருத்துவமனையிலிருந்து பேருந்து நிலையம் வரை உள்ள பிரதான சாலையின் நடைபாதையை நானும் பீடி சுற்றும் அந்தப் பெண்ணும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அளந்தோம். குடியிருப்புப் பகுதியில்கூட நடைபாதையின் தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது இந்தியச் சாலைகள் பேரவையின் நெறிமுறை. எங்களுக்குக் கிடைத்தது, அகலமான இடத்தில் 1.1 மீட்டர். டீக்கடைக்கு முன்னால் அடுப்பும் பெஞ்சும் போக 40 சென்டிமீட்டர். ஐந்து இடங்களில் சாக்கடை மூடியே இல்லை. ஒரு டிரான்ஸ்ஃபார்மர் நடைபாதையை முழுதாக அடைத்துக்கொண்டு நிற்கிறது. மீதி இடத்தில் நாய்கள்.

வேறு வழியில்லாமல் சிலர் சாலையிலேயே நடந்தார்கள். மாசி மாதம் விடியுமுன் பால் வண்டி ஒன்றுக்கு ஒதுங்கிய பைபாஸ் ஆன பெரியவரை எதிரே வந்த பைக் உரசி, கீழே விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் முழங்கையில் பட்ட சிராய்ப்பிலிருந்து ரத்தம் நிற்கவே நேரமானது. அன்றோடு மூன்று பேர் நடையை விட்டுவிட்டார்கள். பீடி சுற்றும் பெண் அதற்கு முன்பே நின்றுவிட்டாள். சாலையில் நடக்க வீட்டில் அனுமதி இல்லை. மொட்டை மாடியில் நடங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். மாடி யாருடையது என்பதை வாடகை வீட்டில் இருப்பவர்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும். என் கணவரின் நோட்டில் பங்குனி மாதத்துக்கு இரண்டு வரிகள் இருக்கின்றன. அதற்குப் பிறகு வெறும் தாள். சென்ற வாரம் அழுத்தம் 148.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்து வந்த பதிலில், 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தின் கீழ் மாவட்டத்தில் 8 கிலோமீட்டர் நடைப்பயிற்சிப் பாதை ஏற்கெனவே உள்ளது, அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று இருந்தது. 2023 நவம்பரில் மாவட்டத்துக்கு ஒன்றாகத் தொடங்கிய அந்தத் திட்டத்தை நான் குறை சொல்லவில்லை, நல்ல திட்டம்தான். ஆனால் அந்தப் பாதை மாவட்டத் தலைநகரில் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து 26 கிலோமீட்டர். முதல் பேருந்து 5.40-க்கு. நடப்பதற்காக 52 கிலோமீட்டர் உட்கார்ந்து போய்வரச் சொல்லும் பதிலில் கையெழுத்திடுமுன் யாரும் அதை ஒருமுறை படித்துப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன்.

ஆணையர் அவர்களே, பூங்காவைக் காலையில் பூட்ட நீங்கள் சொல்லும் காரணங்களை நாங்கள் அறிவோம். காவலாளி ஓய்வு பெற்ற பின் அந்த இடம் நிரப்பப்படவில்லை. இரவில் உள்ளே குடிக்கிறார்கள், பாட்டில் உடைக்கிறார்கள். இரண்டும் உண்மை. ஆனால் இரவில் சுவரேறிக் குதிப்பவர்களுக்குப் பூட்டு ஒரு தடையே இல்லை. விடியற்காலையில் வாசல் வழியாக வருபவர்களுக்கு மட்டும்தான் அது தடை. நாங்கள் நடந்த நாட்களில் உடைந்த கண்ணாடியைக் கூட்டித் தள்ளியதும் நாங்கள்தான். சாவியை எங்களில் ஒருவரிடம் கொடுங்கள், பதிவேட்டில் கையெழுத்திட்டு வாங்கி அதேபோல் ஒப்படைக்கிறோம் என்று எழுதிக் கொடுத்தோம். விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. எந்த விதி என்று கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை.

சுகாதார அலுவலர் அவர்களே, பூட்டியது பூங்கா மட்டும் இல்லை. பங்குனியிலிருந்து வியாழக்கிழமைப் பயிற்சியும் நின்றுவிட்டது. அந்த இயன்முறை மருத்துவரை வேறு பணிக்கு மாற்றிவிட்டார்கள். நடைக்கூடத்தின் சாக்பீஸ் கோடுகள் மீது இப்போது மருந்துப் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக மாதந்தோறும் மாத்திரை எங்கள் வீட்டுக்கே வருகிறது. கொண்டு வரும் பெண் தன்னார்வலர் அழுத்தம் பார்த்து, மாத்திரை தவறாமல் சாப்பிட்டாரா என்று கேட்டுப் பதிவு செய்கிறார். எத்தனை நாள் நடந்தார் என்று கேட்பதில்லை. கேட்கக் கூடாது என்று இல்லை. அவருடைய பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை. அரசு அலுவலகத்தில் கட்டம் இல்லாத கேள்வியை யாரும் கேட்பதில்லை என்பது முப்பது ஆண்டு பதிவேடு எழுதிய எனக்கு நன்றாகவே தெரியும்.

உடற்பயிற்சி என்பது இதய நோய்க்குக் கூடுதல் அலங்காரம் அன்று. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற பன்னாட்டு அமைப்பின் 2021-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, 23,430 நோயாளிகள் பங்கேற்ற 85 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, உடற்பயிற்சியை மையமாகக் கொண்ட இதய மறுவாழ்வுப் பயிற்சி இதய நோயால் நேரும் இறப்பையும், மறுபடி வரும் மாரடைப்பையும், மருத்துவமனையில் சேர்வதையும் குறைக்கிறது என்று கண்டது. நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்கும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலசைவு வேண்டும், முடியாதவர்கள் முடிந்த அளவிலாவது தொடங்க வேண்டும் என்கிறது 2020-இன் உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல். நியூசிலாந்தில் 1998 முதல் 'பச்சைச் சீட்டு' என்ற ஏற்பாடு இருக்கிறது. மருத்துவர் மருந்துச் சீட்டைப் போலவே உடலசைவையும் எழுதிக் கொடுக்கிறார், பிறகு ஒருவர் நோயாளியைத் தொடர்புகொண்டு செய்கிறாரா என்று விசாரித்து உதவுகிறார். பெரிய கருவிகளோ கட்டடமோ அதற்குத் தேவைப்படவில்லை. ஸ்டென்ட் வைக்கும் கூடத்தைக் கட்ட முடிந்த ஓர் அரசுக்கு, ஒரு சீட்டும் ஒரு விசாரிப்பும் இயலாத காரியமாக இருக்க முடியாது.

ஆகவே ஆணையர் அவர்களிடம் கேட்பவை இவை. பூங்காவை நாள்தோறும் அதிகாலை 5 மணி முதல் 8.30 மணி வரை திறக்க எழுத்து மூலம் ஆணையிட வேண்டும். காவலாளி நியமனம் தாமதமாகும் என்றால், அதுவரை சாவியைப் பதிவேட்டின் பேரில் நடப்போர் குழுவிடம் தர வேண்டும். முடியாது என்றால் எந்த விதி தடுக்கிறது என்பதை எழுதித் தர வேண்டும். நடைபாதையைச் சுற்றி எரியாமல் கிடக்கும் ஆறு விளக்குகளையும், பூட்டியே கிடக்கும் பெண்கள் கழிப்பறையையும் சரி செய்ய வேண்டும். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் இதய நோயாளிகளுக்குக் கழிப்பறை இல்லாத பூங்கா பாதிப் பூங்காதான். மருத்துவமனைக்கும் பேருந்து நிலையத்துக்கும் இடையே மூடியில்லாத அந்த ஐந்து சாக்கடை வாய்களையும் மழைக்கு முன் மூட வேண்டும். டீக்கடைக்காரரை விரட்டச் சொல்லவில்லை. அவர் அடுப்பை ஒரு முழம் உள்ளே தள்ளினால் போதும். நாங்களே கேட்டோம், நகராட்சி சொன்னால் தள்ளுகிறேன் என்கிறார்.

சுகாதார அலுவலர் அவர்களிடம்: வியாழக்கிழமைப் பயிற்சியை உடனே மீண்டும் தொடங்கி, அதற்கென ஓர் இயன்முறை மருத்துவரை வாரத்தில் ஒரு முற்பகலுக்காவது ஒதுக்க வேண்டும். மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட், பைபாஸ் ஆனவர்கள், தொற்றா நோய்ப் பிரிவில் இதய ஆபத்து அதிகம் என்று குறிக்கப்பட்டவர்கள் அனைவருக்கும், எத்தனை நிமிடம், எத்தனை நாள், என்ன வேகம், எப்போது நிறுத்த வேண்டும் என்பதைத் தமிழில் கையால் எழுதிய நடைச் சீட்டு ஒன்றை மருந்துச் சீட்டோடு கொடுக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் நடக்க இயலாதவர்களுக்கும் நாற்காலியில் அமர்ந்தபடி செய்யும் பயிற்சியை அதில் எழுத வேண்டும். மருந்து கொண்டு வரும் தன்னார்வலரின் பதிவேட்டில், "கடந்த வாரம் எத்தனை நாள், எத்தனை நிமிடம்?" என்று ஒரு கட்டம் சேர்க்க மேலிடத்துக்குப் பரிந்துரைக்க வேண்டும், பரிந்துரை ஏற்கப்படும் வரை நமது வட்டாரத்திலாவது அதைத் தனித்தாளில் கேட்கச் செய்ய வேண்டும்.

உங்கள் இருவரிடமும் சேர்த்து ஒன்று. இந்த மடல் கிடைத்த 30 நாட்களுக்குள், நீங்கள் இருவரும் ஒரே நாளில், ஒரே மேசையில் அமர்ந்து எங்களுக்கு அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். தனித்தனியே அழைத்தால் மறுபடியும் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவதில்தான் முடியும். என் கணவரின் நோட்டையும், நடைபாதையை அளந்த கணக்கையும், இதுவரை கொடுத்த மூன்று மனுக்களின் நகல்களையும் கொண்டு வருவேன். அலுவலகத்தில் நேரம் ஒதுக்க இயலாது என்றால் நீங்கள் பூங்காவுக்கே வரலாம். எந்த நாளானாலும் காலை 5.15-க்குப் பூட்டிய கேட்டுக்கு எதிரே உள்ள பெஞ்சில் எங்களில் நான்கைந்து பேர் இருப்போம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளித் தலைமை ஆசிரியை,
பூங்கா நடப்போர் பதினொருவர் சார்பாக